யோகா தொடங்குகிறீர்களா? முதல் மாதத்துக்கு எட்டு ஆசனம் போதும்

யோகா பழக ஆசைப்படுகிற பலரும் தயங்குவது ஒரே காரணத்துக்காகத்தான்: "குனிந்தால் கை முழங்காலோடு நின்றுவிடுகிறது, நமக்கெல்லாம் எங்கே வரப்போகிறது?" வரும். கை தரையைத் தொட வேண்டும் என்று யோக நூல்கள் நிபந்தனை எதுவும் போடவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் 195 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 196). அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றுதான். இருக்கை நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும், முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும், அப்படி அமைந்துவிட்டால் சூடு, குளிர் போன்றவை தொந்தரவு செய்யாது. சொல்லப்பட்டது இவ்வளவே. எத்தனை டிகிரி வளைய வேண்டும் என்ற பேச்சே கிடையாது.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம் என்று தொடங்கி சமாதி வரை எட்டு உறுப்புகளைச் சொல்லி, அதில் ஆதனத்தை, அதாவது ஆசனத்தை, மூன்றாவதாக வைக்கிறது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்கள் 15. அவற்றிலும் பெரும்பகுதி உட்கார்ந்து செய்பவை. இன்று நாம் படங்களில் பார்க்கிற, நின்றபடி தொடர்ச்சியாகச் செய்யும் ஆசன வரிசைகள் பரவியது 20ஆம் நூற்றாண்டில். அதற்கு முக்கியக் காரணம் 1930களில் மைசூர் அரண்மனையில் டி. கிருஷ்ணமாச்சாரியா நடத்திய யோகசாலை. பி.கே.எஸ். அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி என்று பின்னாளில் உலகம் முழுவதும் யோகாவைக் கொண்டுபோனவர்கள் அவரிடம் படித்தவர்கள். 1950களில் சென்னைக்குக் குடிவந்த கிருஷ்ணமாச்சாரியா, 1989இல் நூறு வயதில் மறையும் வரை இங்கேதான் இருந்தார். இந்தக் காலத்தில் அவர் வற்புறுத்தியது, ஆசனத்துக்காக ஆளை வளைக்காதே, ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்று என்பதை. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்த வழியில் வந்தது. கீழே எழுதியிருப்பதும் பெரும்பாலும் அந்த வழிதான்: ஒவ்வொரு அசைவும் மூச்சோடு சேர வேண்டும், ஒவ்வொரு ஆசனத்துக்கும் மாற்று ஆசனம் (முந்தையதில் ஏற்பட்ட இறுக்கத்தைத் தளர்த்தும் ஆசனம்) வேண்டும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. அய்யங்கார் முறையில் மரக்கட்டை, பெல்ட், நாற்காலி, சுவர் எல்லாம் துணைக்கு வரும். மூட்டு நிலையை மிக நுணுக்கமாகக் கவனிப்பார்கள். பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க வின்யாசம் வேகமானது, வியர்க்க வைப்பது. ஓடியாடி விளையாடுகிற இளைஞர்களுக்கு அது சரி, பத்து வருடமாக நாற்காலியிலேயே இருக்கிறவர்கள் அங்கே தொடங்கக் கூடாது. சுவாமி சிவானந்தரின் மரபில் பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள் உண்டு (அவர் பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடை, கோரைப்பாய்க்குப் பேர்போன அதே பத்தமடைதான்). வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை உடற்பயிற்சிகள் வயதானவர்களுக்கும் எளிதாக வரும். எந்த வழியில் போனாலும் முதல் மாதத்தில் பழக வேண்டியவை ஏறக்குறைய ஒன்றேதான்.

பாய், நேரம், வயிறு

டைல்ஸ் தரையில் ஜமுக்காளமோ கோரைப்பாயோ வழுக்கும். படுத்துச் செய்வதற்கு அவை போதும். நின்று செய்வதற்கும் கையை ஊன்றிச் செய்வதற்கும் ரப்பர் பிடிப்புள்ள யோகா மேட் வேண்டும். 4 முதல் 6 மி.மீ. கனம் சரியான அளவு. மெத்தென்று இருக்கட்டும் என்று 10 மி.மீ. மேட் வாங்கினால், ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதத்துக்குக் கீழே அது அமுங்கி ஆட்டம் காட்டும், கணுக்கால் தடுமாறும். முழங்கால் ஊன்றும்போது வலித்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். புது மேட்டில் உள்ளங்கை வழுக்குவது சகஜம். சோப்பு கலந்த ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். டிபன் மாதிரி லேசாகச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம், காபி, டீ என்றால் அரை மணி. காலையில்தான் செய்ய வேண்டும் என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். எழுந்தவுடன் உடம்பு விறைப்பாக இருக்கும். இரவு முழுக்கப் படுத்திருந்ததில் முதுகெலும்பின் டிஸ்க்குகள் (முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தைகள்) நீர் உறிஞ்சிச் சற்று உப்பியிருப்பதால், முதல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆழமாகக் குனிவது நல்லதல்ல. காலையில் செய்பவர்கள் குளித்து, கொஞ்சம் நடமாடிவிட்டுத் தொடங்கலாம். மாலையில் உடம்பு நன்றாக இளகியிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்வது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் செய்யக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடலாம். குளுக்கோஸோ வெல்லமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உயர் ரத்த அழுத்தம், கண்ணில் கிளாகோமா (கண் அழுத்த நோய்), கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலை கீழாகப் போகும் எந்த ஆசனத்தையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. தலை இதயத்துக்குக் கீழே போகும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், இது சிரசாசனத்துக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு முதுகை வளைத்துக் குனிவது ஆபத்து, முள்ளெலும்பு நொறுங்கலாம். குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. இந்தப் பதிவு அவர்களுக்கானதல்ல. இன்னொன்று: யோகா தொடங்கியாயிற்று என்று பிபி மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் செய்ய வேண்டிய வேலை.

மூச்சுதான் அளவுகோல்

தொடங்குகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. ஓர் ஆசனத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை உங்கள் மூச்சு சொல்லிவிடும். மூச்சு சீராக, சத்தமில்லாமல், மூக்கு வழியாகப் போய்வந்தால் அந்த இடம் சரி. மூச்சு தானாக நின்றாலோ, வாய் திறந்தாலோ, உள்ளே இழுப்பது திடீரென்று குட்டையானாலோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஓர் அங்குலம் பின்வாங்குங்கள்.

மூச்சையும் அசைவையும் சேர்ப்பதற்கு எளிய விதி உண்டு. மார்பு விரியும் அசைவுக்கு மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். வயிறு மடங்கும் அசைவுக்கும் உடலை முறுக்கும் அசைவுக்கும் வெளியே விட வேண்டும். இதில் பலரும் கோட்டைவிடும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. மூச்சு முதலில் தொடங்கி, அரை நொடி கழித்துக் கை நகர வேண்டும். கை போய்ச் சேர்ந்த பிறகும் மூச்சு அரை நொடி மிச்சம் இருக்க வேண்டும். கை முதலில் மேலே போய்விட்டு மூச்சு பின்னாலேயே ஓடி வந்தால், அது வெறும் டிரில்.

தொண்டையை லேசாகக் குறுக்கிக்கொண்டு, உங்கள் காதுக்கு மட்டும் கேட்கிற மெல்லிய ஒலியோடு மூச்சு விடுவதை உஜ்ஜாயி என்பார்கள். இதைச் சீக்கிரமே பழகிக்கொள்வது நல்லது. மூச்சு எங்கே தடுக்குகிறது என்பது அந்த ஒலியிலேயே தெரிந்துவிடும். தொண்டை வறண்டாலோ எரிந்தாலோ அதிகமாக அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

குனிவது எங்கிருந்து?

யோகாவால் முதுகு வலி வந்தது என்று சொல்பவர்களில் பலருக்கும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொடையின் பின்புறத் தசைகள், நாம் உட்காரும்போது தரையில் அழுந்துகிற இரண்டு எலும்பு முனைகளில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் முடிகின்றன. மணிக்கணக்காக நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்தத் தசைகள் பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும். காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு குனிந்தால் அவை இடுப்பெலும்பைப் பிடித்துக்கொள்ளும், முன்னால் சாயவே விடாது. இடுப்பெலும்பு சாயாவிட்டால், குனிய வேண்டிய மிச்ச தூரம் முழுவதையும் கீழ்முதுகுதான் வளைந்து ஈடுகட்ட வேண்டும். அப்போது டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்கி உள்ளிருக்கும் கூழ் பின்பக்கமாகத் தள்ளப்படும். பின்பக்கத்தில்தான் நரம்புகள் இருக்கின்றன. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஆசிரியர் முதுகில் கைவைத்து அழுத்தும்போது நடப்பது இதுதான்.

சரியாகக் குனிவதைச் சுவரை வைத்துக் கற்றுக்கொள்ளலாம். சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி தள்ளி நில்லுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு விலகியிருக்கட்டும், முழங்கால்களை லேசாக மடக்குங்கள். தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் இரண்டு கை விளிம்புகளையும் வையுங்கள். மூச்சை விட்டபடி, பின்புறத்தைச் சுவரை நோக்கித் தள்ளுங்கள். இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது ஃபிரிட்ஜ் கதவை இடுப்பால் தள்ளி மூடுவோமே, அதே அசைவு. மார்பு தானாக முன்னால் சாயும், முதுகு நேராகவே இருக்கும், கை விளிம்புகள் அந்த மடிப்பில் சிக்கிக்கொள்ளும். தொடையின் பின்புறம், நடுப்பகுதியில் இழுப்பு தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். இழுப்பு கீழ்முதுகில் தெரிந்தால் முழங்காலை இன்னும் மடக்குங்கள்.

உட்கார்ந்து செய்யும்போதும் இதே கணக்குதான். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்ததுமே முதுகு கூன் போடுகிறதா? இரண்டிலிருந்து மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு போர்வையை மடித்து அதன் முன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பெலும்பு முன்னால் சாய்ந்து முதுகு தானாக நிமிரும். சம்மணமிட்டு உட்காரும் சுகாசனத்துக்கும் இதுவே வழி. முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக நின்றால், போர்வையின் உயரம் போதவில்லை.

எட்டு ஆசனங்கள்

முதலில் இரண்டு நிமிடம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் ஒரு கையை வைத்து மூச்சைக் கவனியுங்கள். உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே வர வேண்டும். பிறகு எழுந்து நிற்கலாம்.

தாடாசனம். பாதங்களைச் சற்று விலக்கி, எடையைக் குதிகாலுக்கும் பெருவிரல், சுண்டுவிரல் அடிகளுக்கும் பகிர்ந்து நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி கைகளை முன்வழியாக மேலே உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள். ஆறு முறை. கை உயரும்போது விலா எலும்புகள் முன்னால் துருத்திக்கொண்டு முதுகு பின்னால் வளைந்தால், தோள் மூட்டு இறுக்கமாக இருக்கிறது. கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவரப் போராட வேண்டாம், முகத்துக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

உத்தானாசனம். மேலே சொன்ன குனிதல்தான். கைகளை உயர்த்திய நிலையிலிருந்து, மூச்சை விட்டபடி, முழங்காலை மடக்கிக் குனியுங்கள். கை தொடையில் நிற்கட்டும், ஸ்டூலில் நிற்கட்டும், எங்கே நின்றாலும் சரி. ஏறும்போது மூச்சை இழுத்தபடி மார்பை முதலில் தூக்குங்கள். ஆறு முறை. எழுந்ததும் கண் இருட்டினால், பாதி வரை மட்டுமே குனியுங்கள், ஏறும் வேகத்தையும் குறையுங்கள். அப்படியும் தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

விருட்சாசனம். சுவருக்குப் பக்கத்தில் செய்யுங்கள். ஒரு பாதத்தை மறு காலின் உட்தொடையில் வைக்கலாம், கெண்டைக்காலில் வைக்கலாம், முழங்காலின் பக்கவாட்டில் மட்டும் வைக்கக் கூடாது. முழங்கால் முன்பின்னாக மடங்குவதற்கான மூட்டு, பக்கத்திலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதற்கு அது அமைந்ததில்லை. வயதானவர்கள் பெருவிரல் தரையில் இருக்க, குதிகாலை மட்டும் மறு கணுக்காலில் சாய்த்தால் போதும். கண் மட்டத்தில் அசையாத ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு பக்கத்துக்கு ஐந்து மூச்சு.

சக்ரவாகாசனம். மண்டியிட்டு, தோளுக்கு நேர் கீழே கை, இடுப்புக்கு நேர் கீழே முழங்கால். மூச்சை இழுத்தபடி மார்பை முன்னால் விரித்து, விட்டபடி பின்புறத்தைக் குதிகாலை நோக்கிக் கொண்டுபோங்கள். எட்டு முறை. இதில் மணிக்கட்டு வலிக்கிறது என்று பலர் சொல்வார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில் மட்டும் எடை விழுவதுதான் காரணம். விரல்களை நன்றாக விரித்து, ஆள்காட்டி விரலின் அடிமூட்டும் கட்டைவிரலின் அடியும் தரையில் அழுந்தும்படி ஊன்றினால் பெரும்பாலும் வலி குறைந்துவிடும். அப்படியும் வலித்தால் முஷ்டியை ஊன்றலாம்.

புஜங்காசனம். குப்புறப் படுத்து, நெற்றி தரையில், உள்ளங்கைகள் மார்புக்குப் பக்கத்தில், முழங்கைகள் விலாவை ஒட்டி. மூச்சை இழுத்தபடி முதுகுத் தசையால் மார்பைத் தூக்குங்கள். சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க, மேலே போனதும் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஒரு நொடி எடுத்துப் பாருங்கள். மார்பு அதே உயரத்தில் நின்றால் அதுதான் உங்கள் உயரம். கை எடுத்ததும் கீழே விழுந்தால், இதுவரை தூக்கியது கையின் பலம். கையால் தள்ளி முழங்கையை நீட்டி நிமிரும்போது மேல்முதுகு வளைவதில்லை, ஏனென்றால் அங்கே விலா எலும்புகள் கட்டிப்போட்டிருக்கின்றன. வளைவு முழுக்க இடுப்புக்குச் சற்று மேலே உள்ள இரண்டு மூன்று எலும்புகளிடையே போய்ச் சேர்ந்து, அங்கே கவ்விப் பிடிக்கும். தொப்புள் தரையை விட்டு எழ வேண்டாம், கால் விரல்களின் மேற்புறம் தரையை அழுத்தட்டும், தோள் காதிலிருந்து விலகியே இருக்கட்டும். ஆறு முறை.

அபானாசனம். இது முந்தையதற்கு மாற்று ஆசனம். மல்லாந்து படுத்து முழங்கால்களைக் கையால் பிடித்து, மூச்சை விட்டபடி வயிற்றை நோக்கி இழுத்து, உள்ளே இழுத்தபடி தள்ளிவிடுங்கள். எட்டு முறை. முதுகை வளைத்த எந்த ஆசனத்துக்குப் பிறகும் இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். பின்வளைவில் இறுகிய கீழ்முதுகுத் தசைகள் இதில்தான் தளர்கின்றன.

துவிபாத பீடம். படுத்தபடியே பாதங்களைத் தரையில் ஊன்றி, குதிகால் பின்புறத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். மூச்சை இழுத்தபடி இடுப்பைத் தூக்கி, விட்டபடி மேல்முதுகிலிருந்து ஒவ்வோர் எலும்பாக இறக்குங்கள். ஆறு முறை. பாதம் தூரமாகப் போனால் தொடையின் பின்புறம் சுளுக்கிக்கொள்ளும். இடுப்பு மேலே இருக்கும்போது கழுத்தைப் பக்கத்தில் திருப்பவே கூடாது, அழைப்பு மணி அடித்தாலும் சரி. முடிந்ததும் அபானாசனம் இன்னொரு நான்கு முறை.

சவாசனம், ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். கால்கள் இரண்டடி விலகி, கைகள் உடம்பிலிருந்து ஓரடி தள்ளி, உள்ளங்கை மேல்நோக்கி. கீழ்முதுகு தரையில் படாமல் வலித்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. தூங்கிப்போனால் பாதகமில்லை, இரவில் தூக்கம் போதவில்லை என்று அது சொல்கிறது. நேரே எழுந்து உட்காராதீர்கள். வலப்பக்கம் புரண்டு, இரண்டு மூன்று மூச்சு அப்படியே கிடந்து, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

இவ்வளவும் செய்ய இருபது நிமிடம் ஆகும், கடைசியில் மூச்சுப் பயிற்சிக்கு ஐந்து நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் இருபத்தைந்து நிமிடம் செய்வது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட எத்தனையோ மடங்கு பலன் தரும்.

நாடி சுத்தி

இரண்டு மூக்கிலும் மாறி மாறி மூச்சை இழுத்து விடும் பயிற்சி இது. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்குங்கள். கட்டைவிரல் வலது மூக்குக்கு, மோதிர விரல் இடது மூக்குக்கு. மூக்கெலும்பு முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்குகிற இடத்தில் விரல் லேசாகப் பட்டால் போதும், மூக்கு கோணும்படி அழுத்த வேண்டாம். வலதை மூடி இடது வழியாக நான்கு எண்ணும் வரை இழுங்கள். இடதை மூடி வலது வழியாக ஆறு எண்ணும் வரை விடுங்கள். வலது வழியாகவே இழுத்து, இடது வழியாக விடுங்கள். இது ஒரு சுற்று. ஆறிலிருந்து எட்டுச் சுற்று. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். விடும் நேரத்தை நீட்டுவதால் மனம் அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திருமந்திரம் பூரகத்துக்கு (மூச்சை இழுப்பது) 16, கும்பகத்துக்கு (அடக்குவது) 64, ரேசகத்துக்கு (விடுவது) 32 என்று மாத்திரைக் கணக்கு, அதாவது கால அளவு, சொல்கிறது. அதைப் படித்துவிட்டு முதல் வாரத்திலேயே மூச்சை அடக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அது குருவின் பக்கத்தில் இருந்து படிப்படியாகப் பல காலம் பழகியவர்களுக்கான அளவு. முதல் மூன்று மாதத்துக்குக் கும்பகமே தேவையில்லை. சளி பிடித்து ஒரு மூக்கு அடைத்திருந்தால் அன்றைக்கு நாடி சுத்தியை விட்டுவிட்டு பிராமரி செய்யலாம். வாயை மூடி, பற்கள் ஒட்டாமல், வண்டு ரீங்காரம் போல ஒலித்தபடி மூச்சை விட வேண்டும், அவ்வளவுதான்.

டிவியில் பார்த்துவிட்டு எல்லோரும் ஆசைப்படுவது கபாலபாதிக்கு. அதில் வயிற்றை வெடுக்கென்று உள்ளே இழுத்து மூச்சை வெளியே தள்ள வேண்டும், உள்ளிழுப்பது தானாக நடக்கும். புதியவர்கள் தோளையும் மார்பையும் குலுக்கி, இழுப்பதையும் விடுவதையும் பலமாகச் செய்கிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு சட்டென்று குறைந்து, தலை சுற்றி, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். "சக்தி ஏறுகிறது" என்று சிலர் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அளவுக்கு மீறி மூச்சு விட்டதால் வந்த கோளாறு அது, உடனே நிறுத்த வேண்டும்.

எந்த வலி சரி, எந்த வலி தவறு?

தசையின் நடுப்பகுதியில் பரவலாகத் தெரியும் இழுப்பு சரி. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை கனத்து வலிப்பதும் சகஜம். மூட்டுக்குள்ளே குத்துவது தவறு. காலில் மின்சாரம் பாய்வது போல இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ நரம்பு அழுத்தப்படுகிறது, அன்றைக்குப் பயிற்சியை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் வலி ஒன்று உண்டு. பின்புறமும் தொடையும் சேருகிற இடத்தில், எலும்பை ஒட்டி, உட்காரும்போது உறுத்துகிற வலி. இறுக்கம் என்று நினைத்து மேலும் மேலும் குனிந்து இழுப்பார்கள். உண்மையில் அது தொடைத்தசையின் நாண் எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்திருப்பது. இழுக்க இழுக்க ஆறாது. சில வாரங்களுக்கு ஆழமான குனிதல்களை விட்டுவிட வேண்டும், துவிபாத பீடம் போலத் தசைக்கு வலுவேற்றும் ஆசனங்களை வலி இல்லாத அளவுக்கு மட்டும் தொடரலாம்.

பத்மாசனத்தில் முழங்காலின் உட்பக்கம் வலித்தால் காலை உடனே பிரித்துவிடுங்கள். கால் அப்படித் திரும்புவது இடுப்பு மூட்டில் நடக்க வேண்டும். அங்கே திரும்ப இடமில்லாதபோது முறுக்கு முழுவதும் முழங்காலுக்கு வந்து, உள்ளே இருக்கும் குருத்தெலும்பு கிழியக்கூடும். சிலருக்கு இடுப்பெலும்பின் அமைப்பினாலேயே பத்மாசனம் எந்தக் காலத்திலும் வராது. சுகாசனத்தில் உட்கார்ந்தே பிராணாயாமமும் தியானமும் முழுமையாகச் செய்யலாம்.

சூரிய நமஸ்காரத்தை இரண்டாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கை உயர்த்துவது, குனிவது, புஜங்காசனம் என்று அதன் பெரும்பகுதியை அதற்குள் தனித்தனியாகப் பழகியிருப்பீர்கள். இரண்டு சுற்றில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றாக ஏற்றலாம். ஜூன் 21 யோகா தினத்தில் 108 சுற்று செய்கிற கூட்டத்தைப் பார்த்து, தயாரிப்பில்லாமல் அதில் சேராதீர்கள். களைத்த பிறகு எட்டு அங்கமும் தரையைத் தொடும் நிலைக்கு மெதுவாக இறங்க முடியாது, தொப்பென்று விழுவீர்கள். தோளும் கீழ்முதுகும் மாட்டிக்கொள்வது அப்போதுதான்.

ஆசிரியரிடம் போவதாக இருந்தால், முதல் நாளில் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பிபி, சர்க்கரை, முதுகு, ஆபரேஷன், கர்ப்பம் பற்றி ஒரு கேள்வியும் இல்லாமல் பாயை விரிக்கச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். புதியவர்களுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் ஒவ்வொருவரையும் பார்த்துத் திருத்துவது கடினம். தொட்டுத் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்கிறாரா, உங்களால் முடியாததற்கு மாற்று சொல்கிறாரா, இரண்டும் முக்கியம். முதல் மாதத்திலேயே சிரசாசனம், சர்வாங்காசனம் என்று தொடங்கினால் தைரியமாக "எனக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்லலாம். உடம்பின் எடை கழுத்தில் இறங்கும் ஆசனங்கள் அவை, குறைந்தது ஆறு மாதம் தோளுக்கும் முதுகுக்கும் வலுவேற்றிய பிறகு, நேரில் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் தொடங்க வேண்டும். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாத ஆசனங்களில் இந்த இரண்டும் முதல் வரிசை.